கருத்தடை மாத்திரையும் காரப்பேட்டை பயமும்



காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள காலனிகளில் நாங்கள் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது வழக்கம். பட்டா, கூலி, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் எல்லாம் பேசி முடிப்போம். ஆண்கள் டீ குடிக்க எழுந்து போன பிறகு ஒரு கேள்வி வரும். "அக்கா, கருத்தட மாத்திர போட்டா கேன்சர் வருமாமே, நெஜமா?" கேட்கிற பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். அடுத்த குழந்தை இப்போது வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருப்பாள். அதை வீட்டில் சொல்லியிருக்க மாட்டாள்.

இந்தக் கேள்விக்கு "வராது, பயப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். "எதுக்கு வம்பு, போடாதே" என்று சொல்வது இன்னும் சுலபம். இரண்டுமே அவளைச் சின்னப் பிள்ளையாக நடத்துகிற பதில்கள். அளவான, கணக்கோடு கூடிய பதில் ஒன்று இருக்கிறது. அது பல ஆண்டுகளாகவே மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. நம் தெருவுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதும் இந்தப் பதிவின் ஒரு பகுதி.

முதலில் எங்கள் ஊரின் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரறிஞர் அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். அவர் 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. பட்டுச் சேலை வாங்கவும் கோயில் பார்க்கவும் வருகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. எங்களுக்குத் தெரியும். "அவங்களை காரப்பேட்டைக்கு அனுப்பிட்டாங்க" என்று எங்கள் தெருவில் யாராவது சொன்னால், அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். முடி கொட்டி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குக் கேன்சர் என்பது சினிமாவில் வருகிற நோய் அல்ல. அதனால் ஒரு மாத்திரையோடு அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும், அட்டையை யாரும் கையால் தொடமாட்டார்கள்.

என் அம்மா பட்டுத் தறிக்குத் தார் சுற்றியவர். எங்கள் காலனியில் சொந்தத் தறி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் கூலித் தறி, முன்பணம், கடன். குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க முடியாது. வீட்டில் ஒரு பெண் மாசமாக இருந்தால் தறி வேலை குறையும், கூலி குறையும், கடன் ஏறும். கடன் ஏறினால் மூத்த பிள்ளை பள்ளியை விட்டுத் தறியில் உட்காரும். காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்காகக் குழந்தைகள் கொத்தடிமைகளாக உழைத்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் அறிக்கையாகவே எழுதியது. ஒரு பெண் எப்போது கருத்தரிக்கிறாள், இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் எத்தனை வருடம் என்பதெல்லாம் எங்கள் வீடுகளில் யார் பள்ளிக்குப் போவது, யார் தறிக்குப் போவது என்பதையே தீர்மானித்தது.

என் அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் இரண்டாவது பிரசவம். பிள்ளை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடித்து அனுப்பினார்கள். "மாத்திர கீத்திர எல்லாம் போட்டா கேன்சர் வரும்மா, இதுதான் சேஃப்டி" என்று அங்கே வேலை செய்த ஒரு அம்மா சொன்னாராம். அக்கா கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருந்தது என்று படிக்கச் சொல்லவில்லை. அவள் எட்டாவது வரை படித்தவள், படித்திருக்க முடியும். வேறு வழிகள் இருக்கின்றன என்று யாரும் ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லவில்லை. அக்காவுக்கு அந்த ஆபரேஷனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள் வாழ்க்கையின் ஒரு பெரிய முடிவு ஒரு வதந்தியை வைத்து எடுக்கப்பட்டது.

சரி, அந்த வதந்தியில் எவ்வளவு உண்மை?

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பது மாலா-என். ஒரு அட்டையில் 28 மாத்திரைகள். அதில் 21 ஹார்மோன் மாத்திரைகள், மீதி 7 இரும்புச் சத்து மாத்திரைகள். ஹார்மோன் மாத்திரை ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம் இருக்கிறது. ஒன்று புரோஜெஸ்டின் வகை, மற்றது ஈஸ்ட்ரோஜன் வகை. இரண்டும் சேர்ந்து மாதாமாதம் சினைமுட்டை வெளியாவதை நிறுத்திவைக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் முட்டை திரும்ப வெளிவரத் தொடங்கும். "போட்டா அப்புறம் புள்ளையே பொறக்காது" என்பது உண்மை இல்லை.

2005-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகைக் கூட்டு மாத்திரைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. இணையத்தில் தேடினால் உங்களுக்கே கிடைக்கும். பயமுறுத்துகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். முதல் பிரிவு என்றால் என்ன என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பொருளுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதற்கான சான்று உறுதியானது என்பதே அதன் பொருள். ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. நம் வீட்டு வெற்றிலைப் பாக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது, பீடியும் இருக்கிறது. பீடியின் ஆபத்தும் மாத்திரையின் ஆபத்தும் ஒரே அளவு என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அதே முகமை அதே அறிக்கையில் இன்னொன்றும் சொன்னது. மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகிய மூன்றிலும் இந்த மாத்திரை ஆபத்தைக் கூட்டுகிறது. சினைப்பை, கருப்பையின் உள்சுவர் ஆகிய இரண்டிலும் ஆபத்தைக் குறைக்கிறது.

எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது? இங்கேதான் கணக்கு வேண்டும்.

மார்பகப் புற்றுநோய். 2017-இல் டென்மார்க் நாட்டில் 18 லட்சம் பெண்களின் விவரங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தும் பெண்களுக்கு ஆபத்து 20 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். '20 சதவீதம்' என்றதும் நூறு பேரில் இருபது பேருக்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் சிறிய ஆபத்தோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்பதே அதன் பொருள். ஆளாக எண்ணினால், ஒரு லட்சம் பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் கூடுதலாக 13 பேருக்கு வருகிறது. 35 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் ஒரு லட்சத்துக்குக் கூடுதலாக 2 பேர். அதற்கு முன் 1996-இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மாத்திரையை நிறுத்திப் பத்து ஆண்டுகள் ஆனால் அந்தக் கூடுதல் ஆபத்து மறைந்துவிடுவது தெரியவந்தது.

கருப்பை வாய்ப் புற்றுநோய். நம் பெண்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து மாத்திரை போடுகிறவர்களுக்கு, போடாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்து என்று 2007-இல் வெளிவந்த 24 ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. இதையும் ஆளாக எண்ணுவோம். நம்மைப் போன்ற ஏழை நாடுகளில், மாத்திரையே போடாத ஆயிரம் பெண்களில் 50 வயதுக்குள் 7.3 பேருக்கு இந்த நோய் வருகிறது. இருபது வயதிலிருந்து முப்பது வரை பத்து ஆண்டுகள் மாத்திரை போட்ட ஆயிரம் பெண்களில் அது 8.3 ஆகிறது. ஆயிரத்துக்கு ஒருவர் கூடுதல். நிறுத்திய பிறகு இந்த ஆபத்தும் குறைந்துகொண்டே வந்து, பத்து ஆண்டுகளில் பழைய நிலைக்கு வருகிறது.

இப்போது அடுத்த தட்டையும் பாருங்கள். சினைப்பைப் புற்றுநோய் பற்றி 45 ஆய்வுகளின் தொகுப்பு 2008-இல் வந்தது. மாத்திரை போட்ட ஒவ்வொரு ஐந்து ஆண்டுக்கும் ஆபத்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது. நிறுத்தி முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. கருப்பை உள்சுவர்ப் புற்றுநோயிலும் இதே போக்குதான்.

ஆக, "மாத்திரை போட்டா கேன்சர் வருமா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இது. சில புற்றுநோய்களின் ஆபத்து சிறிது கூடும், சில புற்றுநோய்களின் ஆபத்து நன்றாகவே குறையும், கூடுகிற ஆபத்தும் நிறுத்தினால் காலப்போக்கில் மறையும். இருபத்திரண்டு வயதில் இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவெளிக்காக மாத்திரை போடும் ஆரோக்கியமான பெண் கேன்சரை நினைத்து அட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஆனால் 'ஆரோக்கியமான' என்ற சொல்லுக்கு இங்கே கனம் அதிகம். உடனடியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து இரத்தம் உறைவது. காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ இரத்தம் கட்டிக்கொள்ளும். இது அரிது. கர்ப்ப காலத்தில் இதே ஆபத்து மாத்திரையைவிட அதிகம். ஆனாலும் யாருக்கு ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும். இரத்த அழுத்தம் அதிகமாக இருப்பவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் வந்து பிறகு ஒற்றைத் தலைவலி பிடிப்பவர்கள், முன்பு இரத்தம் கட்டியவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் ஆகியோர் இந்தக் கூட்டு மாத்திரையைத் தவிர்க்க வேண்டும், அல்லது மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், சில வலிப்பு மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் மாத்திரை சரியாக வேலை செய்யாது. காசநோய் நம் தெருக்களில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நான் முதன்முதலில் மாத்திரை வாங்கப் போனபோது எனக்கு வயது இருபத்தைந்து. ஜன்னல் வழியாக அட்டையை நீட்டினார்கள். இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. தலைவலி வருமா என்று கேட்கவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்கும்போது என் கழுத்தைப் பார்த்தார்கள். அடுத்து "எந்த ஊரு? ஊரா, காலனியா?" என்று கேட்டார்கள். பிரஷர் பார்க்கிற கருவி அந்த மேசை மேலேயேதான் இருந்தது. நானே கையை நீட்டி, "பிரஷர் பாருங்க" என்றேன். பார்த்தார்கள். இரண்டு நிமிடம்தான் ஆனது. அந்த இரண்டு நிமிடத்தைத் தராமல் விட்டுவிட்டு, பிறகு "எங்க ஜனங்க மாத்திரையே போட மாட்டேங்குது, எல்லாம் மூடநம்பிக்கை" என்று சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

நம் ஜனங்களின் பயம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இந்த மாத்திரை 1956-இல் பெரிய அளவில் முதலில் சோதிக்கப்பட்டது போர்ட்டோ ரிக்கோ தீவில், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பு ஒன்றில். அமெரிக்காவின் வசதியான வீட்டுப் பெண்களிடம் போகவில்லை. சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அன்றைய மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 0.15 மில்லிகிராம் இருந்தது. இன்றைய மாலா-என்னில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. நூற்றுக்கு 17 பேருக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி வருகிறது என்று அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதி அனுப்பினார். மேலே இருந்த ஆண் விஞ்ஞானிகள் அதைப் பெண்களின் மனப்பிரமை என்று ஒதுக்கினார்கள். 1960-இல் அமெரிக்க அரசு அந்த மாத்திரைக்குக் கருத்தடைக்கான அனுமதி கொடுத்தது.

1970-இல் மாத்திரையின் பாதுகாப்பு பற்றி அமெரிக்க செனட்டில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். மருத்துவர்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த இளம் பெண்கள் எழுந்து நின்று, எங்கள் உடம்பைப் பற்றி எங்களைக் கேட்காமல் எப்படிப் பேசுகிறீர்கள் என்று குரல் எழுப்பினார்கள். அதன் பிறகுதான் அந்த நாட்டில் மாத்திரை அட்டையோடு பக்கவிளைவுகளைச் சொல்லும் துண்டுச்சீட்டு வரத் தொடங்கியது. அளவு குறைந்த இன்றைய மாத்திரை வந்ததற்கும் இப்படிக் கேள்வி கேட்டவர்கள் ஒரு காரணம். மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர்கள் மாத்திரையை ஒழிக்கவில்லை, அதைப் பாதுகாப்பானதாக்கினார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1985-இல் ஐதராபாத் பக்கத்தில் பட்டான்சேருவில், நெட்-என் என்ற கருத்தடை ஊசியை கிராமத்துப் பெண்களுக்குப் போட ஏற்பாடு நடந்தது. அது ஒரு பரிசோதனை என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு அங்கே போய்க் கேள்வி கேட்டது, 1986-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009-இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்தது. கம்மத்தில் பழங்குடி மாணவிகள் தங்கியிருந்த விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் வார்டன்களே சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் தெரியவரவில்லை. சம்மதம் வாங்கிய முறையை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லது. நடத்திய விதம் கேடு கெட்டது. ஆனால் மக்கள் மனதில் எது நின்றது? 'ஊசி போட்டா செத்துடுவாங்க' என்பதே நின்றது. சொல்லாமல் செய்கிறவர்கள்தான் வதந்தியை விதைக்கிறவர்கள்.

இந்தப் பயத்தால் யாருக்கு லாபம் என்றும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை சிகிச்சை 0.3 சதவீதம். மாத்திரை 5.1 சதவீதம். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இங்கே மாத்திரை போடுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் நடுவே இடைவெளி விட நம் பெண்ணுக்கு வழி இல்லை. சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் இரண்டு பிள்ளை, சீக்கிரம் ஆபரேஷன். இதற்குப் பெயர் குடும்பநலம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இறந்தவர்கள் ஏழைப் பெண்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண்கள். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளில் நிறுத்தச் சொன்னது.

எங்கள் கோயில் ஊருக்கே உரிய இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் திருக்கல்யாணம், ஊரெல்லாம் முகூர்த்தம். 2019-இல் அத்திவரதர் வந்தபோது ஊரே மூச்சு முட்டியது. இப்படி ஒவ்வொரு விசேஷத்துக்கும் மருந்துக் கடையில் விற்கும் மாத்திரை ஒன்று உண்டு. 'தள்ளிப் போடுற மாத்திரை.' மாதவிலக்கு வந்தால் தீட்டு, கோயிலுக்குள் போகக் கூடாது என்பதால் அதைத் தள்ளிப்போட. அது நார்எத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. அந்த அளவில் போடும்போது அதில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள்ளே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. இரத்தம் கட்டும் ஆபத்து உள்ளவர்களுக்கு அது ஆகாது. மருந்துச் சீட்டும் இல்லாமல், மாமியாரே போய் மருமகளுக்கு வாங்கி வந்து கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது யாரும் கேன்சர் என்று வாய் திறப்பதில்லை. சாமிக்காகப் பெண் உடம்பைத் தள்ளிப்போட்டால் பக்தி. தனக்காக அவள் பிள்ளையைத் தள்ளிப்போட்டால் கேன்சர். தீட்டு என்ற சொல்லை வைத்து நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள், அதே சொல்லை வைத்துத் தங்கள் வீட்டுப் பெண்களையும் வாசலில் நிறுத்துகிறார்கள். நம் வீடுகளிலும் அதைக் காப்பி அடிக்கிறோம். இந்த மாத்திரையைப் பற்றியும் நாம் பேச வேண்டும்.

1925-இல் இதே காஞ்சிபுரத்தில் நடந்த மாநாட்டில்தான் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதன் பிறகு கருத்தடையைப் பற்றி அவர் எழுதியபோது, மற்றவர்களோடு ஒரு இடத்தில் பிரிந்தார். மற்றவர்கள் நாட்டின் வறுமை, ஜனத்தொகை, குடும்பச் சொத்து, தாயின் உடல்நலம் என்று காரணம் சொன்னார்கள். பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் சொன்னார். 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டமன்றத்தில், கருத்தடையைப் பரப்ப அரசு ஏற்பாடும் வசதியும் செய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. பாபாசாகேப் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த பி.ஜே. ரோஹம் கொண்டுவந்தார், அம்பேத்கர் எழுதிய உரை அங்கே வாசிக்கப்பட்டது. பிரசவ வலியை ஆண்கள் பட வேண்டியிருந்தால் ஒரு பிள்ளைக்கு மேல் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்ற வாதம் அதில் இருக்கிறது. தீர்மானம் தோற்றது. நீலக் கொடி பிடிக்கும் நம் கூட்டங்களில் இந்த அம்பேத்கரைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்?

பேசியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். முன்பு காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்து 2019-இல் செங்கல்பட்டு மாவட்டமாகப் பிரிந்த பகுதியில், திருக்கழுக்குன்றம் பக்கம், 1981-இல் பன்னிரண்டு தலித் பெண்களும் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து 'ருவ்செக்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். விவசாயக் கூலிப் பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் உடம்பைப் பற்றி, பிரசவம் பற்றி, கருத்தடை பற்றி அவர்கள் மொழியிலேயே பேசினார்கள். பிறகு தங்களுக்கென ஒரு மருத்துவமனையும் நடத்தினார்கள். டாக்டர் பட்டம் இல்லாத பெண்கள் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளவும் எடுத்துச் சொல்லவும் முடியும் என்பதற்கு நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன.

மாத்திரை வாங்கும் பெண்ணுக்கு முதலில் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். காசு கேட்காத சோதனை அது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வருகிறார், அவரிடமும் கேட்கலாம். எந்த மாத்திரை கொடுத்தாலும் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயரே இல்லாத மாத்திரைகளை வேலை செய்யும் பெண்களுக்குக் கொடுத்து வந்தது 2019-இல் அம்பலமானது. பெயர் தெரியாத மாத்திரையை விழுங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

மாலா-என் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் மாத்திரை இப்போது 'சாயா' என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. அது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மேலே நான் சொன்ன கணக்குகள் மாலா-என் போன்ற கூட்டு மாத்திரைகளுக்கானவை. சாயாவில் மாதவிலக்கு தள்ளிப்போவது சகஜம். சினைப்பை நீர்க்கட்டி, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. காப்பர்-டி உண்டு, ஆணுறை உண்டு. ஆண்களுக்கான அறுவை சிகிச்சை பெண்களுடையதைவிடச் சின்னது, பாதுகாப்பானது. அதைப் பற்றி நம் தோழர்கள் கூச்சப்படாமல் பேச வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உண்மையான காரணம் எச்.பி.வி. வைரஸ். 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒரு கருத்தடை மாத்திரைகூடப் போடாதவர்கள். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தே இறப்பை 35 சதவீதம் குறைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்விலும் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த கிராமங்களின் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை தரப்படவில்லை என்ற விமர்சனம் உண்டு, அதையும் மறக்க வேண்டாம். இன்று அந்தப் பரிசோதனை முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். காரப்பேட்டையை நினைத்துப் பயப்படுகிற ஒவ்வொரு பெண்ணும் செய்துகொள்ள வேண்டியது அதைத்தான். அம்மாவை அழைத்துப் போங்கள், பெரியம்மாவை அழைத்துப் போங்கள்.

கல்லூரியில், விடுதியில், அம்பேத்கர் வாசகர் வட்டத்தில் இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாலா-என் அட்டை வாங்கி வாருங்கள். நடுவில் வையுங்கள். பெண்களும் ஆண்களும் சேர்ந்து உட்கார்ந்து அதில் என்ன இருக்கிறது, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று சத்தமாகப் பேசுங்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் இந்த விவரங்களைத் தமிழில், பெரிய எழுத்தில், சுவரில் ஒட்டச் சொல்லி மனு கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

ஜெய் பீம்.